மிட்நைட் ஆயில், பீட்டர் காரெட்: உங்களுக்கு நேர்ந்த ஒன்றை எழுதுங்கள்

தூறல்

2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இரவு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழா நடந்த மைதானத்தில் நான் இருந்தேன். பார்வையாளனாக அல்ல, மேல்தட்டு இருக்கைகளுக்குப் பின்னால் குப்பைப் பைகளை மாற்றும் தற்காலிகப் பணியாளனாக இருந்தேன். நாட்டுக்கு வந்து ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவைப் பற்றியும் அதன் பாடகர் பீட்டர் காரெட்டைப் பற்றியும் இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று எனக்குக் குழுவின் பெயர் கூடத் தெரியாது.

மொட்டைத் தலையும் ஆறடியைத் தாண்டிய உயரமுமாக ஒருவர், கைகள் ஒருவருடையவை, கால்கள் வேறொருவருடையவை என்பது போல ஆடிக்கொண்டு, 'பெட்ஸ் ஆர் பர்னிங்' பாடினார். மைதானமே எழுந்து நின்றது. குழுவில் எல்லோரும் கறுப்பு உடையில் இருந்தார்கள். பெரிய திரையில் அருகில் காட்டியபோதுதான் அந்த உடையெங்கும் வெள்ளை எழுத்தில் 'சாரி' என்று அச்சிட்டிருப்பது தெரிந்தது.

நிகழ்ச்சியில் ஏதோ கோளாறு நேர்ந்துவிட்டது, அதற்காக மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. என்னோடு வேலை செய்துகொண்டிருந்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணியிடம், எனக்கு அப்போது வாய்த்த ஆங்கிலத்தில், "இவர்கள் என்ன தவறு செய்தார்கள்?" என்று கேட்டேன். அவர் கண்கள் நிறைந்திருந்ததை, கேட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன். ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை முடியும்வரை பிறகு என்னோடு பேசவில்லை.

பூர்வகுடிக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கதையும், அதை விசாரித்து 1997இல் வெளிவந்த அறிக்கை மன்னிப்பைக் கோரியதும், அன்றைய பிரதமர் ஜான் ஹாவர்ட் நாட்டின் சார்பில் அந்த ஒரு சொல்லைச் சொல்ல மறுத்துவந்ததும், அதே பிரதமர் அன்றிரவு அதே மைதானத்தில் அமர்ந்திருந்ததும் எனக்கு ஓராண்டு கழித்து, ஆங்கில வகுப்பு ஒன்றில்தான் தெரியவந்தன. அன்று முதல் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உங்களுக்கும் இந்தப் பாடகரோடோ பாடல்களோடோ இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

செம்மண்

தூறல் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என்னுடையது 2003இல், அலிஸ் ஸ்பிரிங்ஸில்.

நான் அங்கே டயாலிசிஸ் பிரிவில் தாதியாக இருந்தேன். அந்தப் பிரிவைக் கண்டவர்களுக்குத் தெரியும்: படுக்கைகளில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பூர்வகுடி மக்கள், அவர்களில் பலர் பாலைவனத்தின் உட்பகுதியிலிருந்து, சிறுநீரகம் செயலிழந்த ஒரே காரணத்தால், ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு நகரத்துக்கு வந்து தங்கியவர்கள். கிழமையில் மூன்று நாட்கள், ஒவ்வொரு தடவையும் நான்கைந்து மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டியவர்கள் ஊருக்குப் போவது எங்ஙனம்? கின்டோர் என்ற ஊர் அங்கிருந்து மேற்கே ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், மேற்கு அவுஸ்திரேலிய எல்லையோரம் இருக்கிறது.

ஒரு பிற்பகல் வானொலியில் அந்த 'பெட்ஸ் ஆர் பர்னிங்' பாட்டு வந்தது. அதில் கின்டோரின் பெயர் வருகிறது. பெயர் ஒலித்ததும், கண்ணை மூடிக்கிடந்த ஒரு மூதாட்டி திடுக்கிட்டு விழித்து, ஊசி ஏற்றியிருந்த கையையே தூக்கிச் சுவரைத் தாண்டி மேற்குத் திசையைக் காட்டினார். குழாய் மடங்கி இயந்திரம் அலறத் தொடங்கியது. நான் ஓடிப்போய், "கையை அசைக்கக் கூடாது என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்" என்று கடிந்துகொண்டேன். அவர் கையைக் கீழே வைத்துவிட்டார். ஒரு தாதி செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். ஊசி கழன்றிருந்தால் இரத்தம் கொட்டியிருக்கும். ஆனாலும் அந்தக் கை இறங்கிய விதம் எனக்கு மறக்கவில்லை.

அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று அதற்குப் பின்னர்தான் தேடி வாசித்தேன். பின்டுபி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த பாலைநிலம் 1950களிலும் 60களிலும் ஏவுகணைச் சோதனைகளின் பாதைக்குள் வந்தபோது, அவர்களை வெளியேற்றி பாபுன்யா குடியேற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்களாகவே மீண்டும் மேற்கே நடந்து கின்டோரை உருவாக்கினார்கள். மிட்நைட் ஆயில் 1986இல் வரும்பி பாண்ட் என்ற பூர்வகுடிக் குழுவோடு சேர்ந்து அந்த ஊர்களுக்கெல்லாம் போய்ப் பாடியது; அந்தப் பயணத்தின் விளைச்சல்தான் அடுத்த ஆண்டு வந்த 'டீசல் அண்ட் டஸ்ட்' என்ற பாடல் தொகுப்பு. நிலத்துக்குத் திரும்பிய மக்களை நோய் இரண்டாவது தரம் வெளியேற்றியது என்பதைப் பாட்டு எழுதிய காலத்தில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அந்த மக்களே அதற்கும் வழி கண்டார்கள். ஓவியர்கள் கூடி வரைந்த பெரிய ஓவியங்களை 2000 நவம்பரில் சிட்னியில் ஏலத்தில் விற்றார்கள். மற்றைய படைப்புகளையும் சேர்த்துப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. நான் அதற்கு முன்னரே அடிலெயிட்டுக்கு மாற்றலாகிவிட்டேன். அந்த மூதாட்டி ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அலைகடந்தவன்

தூறலுக்கு வணக்கம். மன்னிப்பு என்று உடையில் எழுதிக்கொள்வதற்கு ஒரு தையற்காரர் போதும் என்று நான் சொன்னால் இங்கே பலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2010ஆம் ஆண்டு நான் ஒரு தடுப்பு முகாமில் இருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அந்த ஏப்ரல் மாதத்தில் அவுஸ்திரேலிய அரசு இலங்கையிலிருந்து புதிதாக வருபவர்களின் புகலிட விண்ணப்பங்களை மூன்று மாதங்களுக்கு ஆராயப்போவதில்லை என்று அறிவித்தது. ஆப்கானியர்களுக்கு ஆறு மாதம். போர் முடிந்து ஓராண்டு கூட ஆகவில்லை. நான் முடக்கத்துக்குச் சில நாட்கள் முந்தி வந்தவன் என்பதால் விதி என்மேல் பாயவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன்மேல் பாய்ந்தது.

ஒரு மாலை, காவலர் அறையின் சிறு வானொலியில் இந்தப் பாட்டு ஒலித்தது. இளம் காவலர் ஒருவர் மேசையில் தாளம் போட்டபடி, நல்ல மனத்தோடுதான், "இதைப் பாடுபவர் இப்போது அமைச்சர், தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். நிலம் யாருடையதோ அவர்களிடம் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பாடுகிற ஒருவர், எங்களுடைய கோப்புகளைத் திறக்க மாட்டோம் என்று அறிவித்த அரசில் அமர்ந்திருக்கிறார் என்பதை, அந்தத் தாளம் முடிவதற்குள் விளங்கிக்கொண்டேன்.

இது ஒரு நாள் கோபம் அல்ல. கணக்கைப் பாருங்கள். காரெட் 1984இல் அணு ஆயுத ஒழிப்புக் கட்சியின் சார்பில் நியூ சவுத் வேல்ஸில் செனட் தேர்தலில் நின்று மயிரிழையில் தோற்றவர். 1998இல் ஜபிலுகா யுரேனியச் சுரங்கத்தை எதிர்த்து நின்ற நாட்டின் பெரிய சூழல் அமைப்பின் தலைவர். அவரே 2009 ஜூலையில், சுற்றுச்சூழல் அமைச்சராக, தென் அவுஸ்திரேலியாவில் ஃபோர் மைல் என்ற புதிய யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி அளித்தார். 2012 ஆகஸ்டில் நவுருத் தீவுக்கு அகதிகளை அனுப்பும் சட்டம் மீண்டும் வந்தபோதும் அவர் அமைச்சரவையில் இருந்தார். வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடுப்பு பொருத்தும் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்ததும் அவருடைய துறையில்தான். பாட்டைப் பற்றி மட்டும் கதைப்போம் என்றால் கதைக்கலாம். ஆனால் ஒருவருடைய வாழ்க்கையைக் கதைப்பதென்றால் பாதியில் நிறுத்தக் கூடாது.

நெய்தல்

இந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை.

2005 ஜனவரி 29 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் சுனாமி நிதிக்காக ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நடந்தது. நிக் கேவ், சில்வர்சேர், பவுடர்பிங்கர் எனப் பலர் பாடினார்கள். காரெட் 2002 டிசம்பரில் குழுவை விட்டு விலகி, 2004 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினராகியிருந்தார். அந்த ஒரு நிகழ்ச்சிக்காகக் குழு மீண்டும் சேர்ந்தது. என் அலுவலகத் தோழி நுழைவுச்சீட்டு வாங்கி என்னையும் வற்புறுத்தி அழைத்துப்போனாள். வடமராட்சி கிழக்கில் எங்கள் குடும்பத்தில் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோய் முப்பத்துநான்கு நாட்கள் ஆகியிருந்தன. அது அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

அவர் ஆடத் தொடங்கியதும் என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். எனக்குக் கால் அசையவில்லை. ஆடுபவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவர்கள் சீட்டு வாங்கிய பணம் எங்கள் கரைக்கும்தான் போகப்போகிறது. ஆனால் ஒரு பாட்டின் நடுவே என் தோள் தன்னிச்சையாக ஒரு தரம் குலுங்கியது. அழுகையா தாளமா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத ஒரு பையன் அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு, சிரித்து, என் கையைப் பிடித்துத் தூக்கினான். நான் கையை இழுக்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

பழைய வாசகன்

நான் இங்கே உள்ளவர்களில் மூத்தவனாக இருக்கக் கூடும். 1981இல் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவன். காரெட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அங்கேதான் சட்டம் படித்து முடித்திருந்தார். நரபீனில் ராயல் ஆன்ட்லர் என்ற மதுவிடுதியில் அவர்களை ஒருமுறை பார்த்தேன். கூரையிலிருந்து வியர்வை சொட்டியது. என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. பாதி நிகழ்ச்சியைக் கலங்கலாகவே பார்த்தேன். என் அனுபவம் இவ்வளவுதான்.

இதுவரை எழுதியவர்கள் ஒரு பிழை செய்கிறீர்கள். எல்லாப் பாட்டையும் காரெட் ஒருவரே எழுதியது போலப் பேசுகிறீர்கள். டிரம்ஸ் வாசித்த ராப் ஹர்ஸ்டும், கிட்டாரும் விசைப்பலகையும் வாசித்த ஜிம் மொகினியும் இல்லாமல் இந்தப் பாடல்கள் இல்லை. 'பெட்ஸ் ஆர் பர்னிங்' மூவர் பெயரிலும்தான் இருக்கிறது. காரெட் ஒரு விளம்பரத்தைப் பார்த்து இவர்களோடு வந்து சேர்ந்தவர். அவர் குரல், உடல், மேடையில் பேசும் துணிவு ஆகியவை குழுவுக்கு முகத்தைக் கொடுத்தன. ஆனால் எலும்பு மற்றவர்களுடையது. ஹர்ஸ்ட் நெளிதகரத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை மேடையில் வைத்து அடிப்பார். அந்த ஓசையைக் கேட்ட பிறகு வேறெந்த டிரம்ஸும் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது.

இளையவர்கள் யாராவது இதை வாசித்தால் சில யோசனைகள். கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வயதானவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு.

முதலாவது, 'டீசல் அண்ட் டஸ்ட்' தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 1982இல் வந்த, பத்திலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி எண்ணும் தலைப்புடைய தொகுப்பை முதலில் கேளுங்கள். மதுவிடுதிக் கோபம் அரசியலாகப் பக்குவப்படுகிற இடம் அதுதான். அமெரிக்கப் படைத்தளங்களைப் பற்றிய பாட்டும் அதில் இருக்கிறது. பிறகு 1990இல் வந்த 'ப்ளூ ஸ்கை மைனிங்'. அதன் தலைப்பின் பின்னால் நிற்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூம். நீலக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தோண்டி, 1966இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் தொழிலாளர்களும் குடும்பத்தினரும் நுரையீரல் நோயால் இறந்துகொண்டே இருந்த ஊர். அதன் பிறகு 1987க்குத் திரும்புங்கள். அப்போதுதான் அந்தத் தொகுப்பு எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

இரண்டாவது, அதையும் கேட்பதற்கு முன் வரும்பி பாண்டைக் கேளுங்கள். 1983இல் லுரிச்சா மொழியில் அவர்கள் வெளியிட்ட பாடல்தான் பூர்வகுடி மொழியொன்றில் வந்த முதல் ராக் இசைத்தட்டு. பாபுன்யாவில் வளர்ந்த குழு அது. மிட்நைட் ஆயிலுக்குப் பாலைவனத்தில் வழிகாட்டியவர்கள் இவர்கள். வழிகாட்டியவர்களை மறந்துவிட்டு வந்த விருந்தாளிகளைப் பற்றியே பேசுவது நமக்கும் பழகிப்போன வழக்கம்தான்.

மூன்றாவது, நீங்களே பாட்டு எழுதுபவராக இருந்தால், இவர்களிடம் திருட வேண்டியது ஒன்றே ஒன்று: ஊர்ப்பெயர். அநியாயம், அடக்குமுறை, விடுதலை என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. கின்டோர் என்று எழுதினார்கள்; படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டி கை தூக்கினார். செம்மண் எழுதியதை மீண்டும் வாசியுங்கள். நம்மவர்களின் எழுச்சிப் பாடல்களில் 'மண்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை முறை ஒரு குளத்தின் பெயரோ தெருவின் பெயரோ வருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, எதற்கு இல்லை என்று சொல்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்நாளில் ஆஸ்திரேலியாவில் எந்தக் குழுவும் மேலே வர 'கவுன்ட்டவுன்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்ற வேண்டும். இவர்கள் கடைசிவரை தோன்றவில்லை. தங்கள் இசையைத் தாங்களே வெளியிட ஏற்பாடு செய்துகொண்டார்கள். நிகழ்ச்சிகளால் பிழைத்தார்கள். அதனால்தான் 1990 மே 30 அன்று நியூயார்க்கில், அலாஸ்காக் கடலில் எண்ணெய் கொட்டிய எக்ஸான் நிறுவனத்தின் கட்டடத்துக்கு எதிரே, நடுத்தெருவில் லாரி ஒன்றை நிறுத்தி அதன்மேல் ஏறி நின்று மதிய உணவு நேரத்தில் பாட முடிந்தது. இல்லை என்று சொல்லிப் பழகாதவர்களால் அந்த லாரியில் ஏறியிருக்க முடியாது.

தூறலுக்கு ஒன்று: அந்தப் பெண்மணியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அன்று வேலைக்கு ஆள் எடுத்த ஒப்பந்த நிறுவனத்தில் பட்டியல் ஏதாவது இருக்கும்.

காவேரிக்கரை

பட்டியல் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்குமா ஐயா! விடுங்கள்.

அலைகடந்தவனுக்கு என் பதில் இது. உங்கள் முகாம் நாட்களுக்கு முன்னால் நின்று வாதம் செய்ய எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் கணக்கு என்று சொன்னதால், கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.

2007 ஏப்ரலில் காரெட்டின் கட்சியான தொழிற்கட்சியின் மாநாட்டில் புதிய யுரேனியச் சுரங்கங்களுக்குக் கதவைத் திறக்கும் முடிவு வந்தபோது, எதிர்த்துப் பேசியவர்களில் காரெட் ஒருவர். தோற்றார். 2009இல் அமைச்சராக அவர் கையெழுத்திட்டது, தாம் எதிர்த்து வாதாடித் தோற்ற ஒரு கொள்கையின் கீழ்தான். அதே 2009இல் குயின்ஸ்லாந்தின் மேரி ஆற்றில் டிராவஸ்டன் அணையைக் கட்டக் கூடாது என்று அவர் மறுத்ததால் அந்த ஆற்றின் அரிய ஆமையும் நுரையீரல்மீனும் பிழைத்தன. தென்முனைப் பெருங்கடலில் ஜப்பான் நடத்திய திமிங்கில வேட்டையை எதிர்த்து ஆஸ்திரேலியா 2010 மே மாதம் பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைச்சர் அவர்தான். 2014 மார்ச் 31 அன்று 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு ஆஸ்திரேலியாவுக்குச் சாதகமாக வந்தது. லாரியின் மேல் நின்று எத்தனை ஆண்டுகள் பாடினாலும் ஒரு அணை நிற்காது.

என் அனுபவம் 2008 பிப்ரவரி 13. கான்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு அது வெறும் அலுவலக நாள்தான். கூட்டத்தோடு கூட்டமாக நாடாளுமன்றத்தின் முன்னால் இருந்த புல்வெளியில் பெரிய திரைக்கு எதிரே நின்றேன். பிரதமர் கெவின் ரட் அவைக்குள் அந்தச் சொல்லைச் சொன்னார். அரசுத் தரப்பில் அமர்ந்திருந்தவர்களில் அந்த மொட்டைத் தலையும் ஒன்று. ஏழரை ஆண்டுகளுக்கு முன்பு உடையில் எழுதிக்கொண்டு நின்றவர், இப்போது அந்தச் சொல் அரசின் வாயிலிருந்து வருகிற அவையில் சாதாரணக் கோட்டு அணிந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். என் அருகே நின்ற முதியவர் ஒருவர், தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறுமியின் பழைய புகைப்படத்தை எடுத்துத் திரைக்கு நேரே, அந்தச் சிறுமி பார்க்கும்படி, பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முதியவரையும் அந்தப் படத்தையும்தான் நான் மறக்கவில்லை, காரெட்டை அல்ல.

அலைகடந்தவன்

காவேரிக்கரை அவர்களே, நீங்கள் மரியாதையோடு எழுதியதால் நானும் சுருக்கமாக எழுதுகிறேன். ஆமையையும் திமிங்கிலத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் தந்த பட்டியலில் எங்களைப் போல வந்தவர்கள் எவரும் இல்லை என்பதை மட்டும் நீங்களே ஒருமுறை பாருங்கள். தோற்ற கொள்கையின் கீழ் கையெழுத்திடுவது கூட்டுப் பொறுப்பு என்கிறார்கள். சரி. முகாமில் அந்தப் பொறுப்பில் எங்களுக்கு வந்த பங்கு காத்திருப்பது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுதலையாகி வந்து, வெளியில் என் முதல் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் இசைத்தட்டு அதே 'டீசல் அண்ட் டஸ்ட்'தான். ஏன் வாங்கினேன் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள்.

செம்மண்

தூறலிடம் ஒரு கேள்வி. அந்த அம்மையார் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார் என்று எழுதினீர்களே, அது என்ன? பூர்வகுடிப் பெண்ணாக இருந்தால் அவர் உங்கள்மேல் கோபப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நான் அவர்களோடு வேலை செய்திருக்கிறேன். அவர்களுடைய மௌனம் பெரும்பாலும் கோபம் அல்ல. பழைய வாசகன் சொன்னதுபோல் தேடிப் பாருங்கள் என்று நானும் சொல்வேன். குறைந்தது, அவ்வாறு பிரிக்கப்பட்டவர்களைக் குடும்பங்களோடு சேர்த்துவைக்க உழைக்கும் அமைப்புகள் நாட்டில் இருக்கின்றன. ஆண்டுதோறும் மே 26 அன்று அவர்கள் நடத்தும் நினைவு நாளுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

தூறல்

எல்லோருக்கும் நன்றி. தேடுவதற்கு என்னிடம் பெயர் இல்லை, கேட்டுக்கொள்ளவில்லை. பூர்வகுடிப் பெண்ணா என்பதும் எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரப் பெண்மணி என்றுதான் அன்று நினைத்தேன். வெளுத்த நிறமுள்ள குழந்தைகளைத்தான் அதிகம் தேடிப் பிடித்துக் கொண்டுபோனார்கள் என்று பின்னர் வாசித்தபோது அந்த நினைப்பும் ஆட்டம் கண்டுவிட்டது.

அவர் சொன்னதை முதலில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம்தான். இப்போது கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். "இவர்கள் என்ன தவறு செய்தார்கள்?" என்ற என் கேள்விக்கு, "இவர்கள் இல்லை" என்று சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். அது எனக்குத் தெளிவாகவே விளங்கியது. பாடுபவர்கள்மேல் பிழை இல்லை, அப்படியானால் கோளாறு ஒலிபெருக்கியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பாட்டு முடியும்வரை, கூரையின்கீழ் தொங்கிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.